மூன்றாவது சுற்று

தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது மாரிமுத்துவுக்கு. போரில் அரசு மண்ணெண்ணெயும் டீசலும் வரவிடாமல் தடுத்திருந்த காலம் அது. இலுப்பைக்கடவையில் உழவு இயந்திரங்களின் மேல் கோழிகள் அடைந்தன. விறகு, பனங்குற்றி, நெல் எல்லாம் ஆள் இழுக்கும் கைவண்டியில்தான் போயின. கிழமையில் ஆறு நாள் அவன் வண்டி இழுத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசை முடிந்து ஊர் கண்ணயரும் நேரத்தில், வண்டி இல்லாமல் ஓட ஆசைப்பட்டான். கடிவாளம் பூட்டி, குதிரையாக.

அவன் மனைவி செபஸ்தியம்மா தலைமன்னார் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். அவன் ஆசையை முதன்முதல் கேட்டபோது வயிறு நோகச் சிரித்தாள். பிறகு வலைக்கயிற்றில் தலைக்கயிறு பின்னி, வாயில் கடிக்க வலை மிதப்புக்கட்டை ஒன்றைச் சீவி எடுத்தாள். கொஞ்ச நாளில் அவனைவிட அவளுக்கே அதில் விருப்பம் கூடிவிட்டது. கூலிக்கு இழுக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை, சுமையைத்தான் பார்ப்பார்கள். கயிறு கையில் இருக்கும்போது அவள் அவனைப் பார்த்தாள். அவனுக்கு அது போதும்.

உலகத்தில் தாங்கள் இரண்டு பேர்தான் இப்படி என்று நினைத்திருந்தார்கள். பள்ளிமுனையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கருவாடு விற்ற எடித் அதை உடைத்தாள். ஒருநாள் மாரிமுத்து வெறும் வண்டியோடு வர, பின்னால் நடந்த செபஸ்தியம்மா நாக்கைச் சொடுக்கினாள். அவன் திரும்பிப் பாராமலே ஒழுங்கைக்குள் திரும்பினான். எடித் ஆள் நடமாட்டம் ஓயும்வரை நின்று, செபஸ்தியம்மாவின் காதோடு கேட்டாள்.

“பிள்ளை, கயிறில்லாமலே திருப்புறாய். எத்தினை வருசப் பழக்கம்?”

செபஸ்தியம்மா ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“பயப்பிடாதை. என்ரை வீட்டிலையும் ஒண்டு நிக்குது.”

அந்த ‘ஒண்டு’ அவள் புருசன் சரவணமுத்து. ரயில் ஓடிய காலத்தில் கடவைக் காவலாளி, இப்போது வேலை இல்லை. இன்னொரு சோடியும் இருந்தது. இரத்தினமும் மாக்கிறட்டும். கடற்கரைப் பக்கப் பனங்காணிக்குள் ஞாயிறு மத்தியானங்களில் கூடினார்கள். ஆமியின் ஹெலிகொப்டர் வந்தால் என்ன செய்வது என்று மாரிமுத்து கேட்டதற்கு, மேலே இருக்கிறவன் மாடு என்று நினைப்பான், நீ பேசாமல் மேய் என்றாள் எடித்.

சட்டங்களும் அவளுடையவைதான். கட்டையை வாயில் வைக்கமுன் எல்லாம் பேசி முடிக்க வேண்டும். பிறகு யார் இடக்காலால் மூன்று தரம் நிலத்தை உதைத்தாலும் கயிற்றைக் கீழே போட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. பேசிய சுற்று பாதியில் நின்றால் அது கடன். பிறகொரு நாள் ஓட்டித் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் ஓட இருந்தவர் விட்டுக்கொடுக்க வேண்டும்.

சரவணமுத்து இளம்வயதில் நெடுந்தீவில் காட்டுக்குதிரைகளைப் பார்த்தவர். அவர் ஓடும்போது முழங்கால் வயிறுவரை வந்துபோகும், கழுத்து நிமிர்ந்து நிற்கும். மாரிமுத்து குதிரையைப் படத்தில்தான் கண்டவன். தலையைக் குனிந்து நெஞ்சால் தள்ளிக்கொண்டு ஓடினான்.

“தம்பி, பின்னாலை பத்து அந்தர் நெல்லு மூட்டை கிடக்கிறமாதிரி ஓடுறியள்,” என்றாள் எடித்.

எல்லோரும் சிரித்தார்கள். செபஸ்தியம்மாவும் சிரித்தாள். அது அவனுக்குத் தைத்தது.

மூன்றாம் ஞாயிறு எடித்துக்குக் கால் சுளுக்கு. தனக்குப் பதிலாகச் செபஸ்தியம்மா சரவணமுத்துவை ஓட்டுவாளா என்று எடித் கேட்டாள். மற்ற ஐந்து பேரையும் தனித்தனியே கேட்டாள். மாரிமுத்து ஓம் என்றான். திரும்பவும் கேட்க, திரும்பவும் ஓம் என்றான். மூன்று சுற்று. எடித்தின் கயிறுதான், தங்கள் கயிறு இல்லை. கழுத்தைத் தடவக்கூடாது. தட்டிக்கொடுக்கக்கூடாது. யோசித்து யோசித்து எல்லாம் சொன்னான். பிறகு தன் கட்டையைக் கடித்துக்கொண்டு பனையோடு நின்றான்.

செபஸ்தியம்மா கயிற்றை எடுத்து நாக்கைச் சொடுக்கினாள்.

அதை அவன் சொல்ல மறந்திருந்தான். அந்தச் சத்தம் அவன் முதுகுக்கென்றே உண்டானது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தான். இப்போது அதைக் கேட்டு வேறொருவரின் முழங்கால் உயர்ந்தது. அவர் திரும்பிய அழகில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டாம் சுற்றில் இன்னும் வேகமாகச் சொடுக்கினாள். அந்த மெலிந்த கால்களை முறிக்க வேண்டும்போல இருந்தது அவனுக்கு. நாள் முழுக்கச் சுமை தூக்காத கால், ஓடாமல் என்ன செய்யும். வாயிலிருந்த கட்டையில் பல் இறங்கியது.

மூன்றாம் சுற்றின் பாதியில் இடக்காலால் மூன்று தரம் உதைத்தான். மணலில் சத்தம் எழவில்லை. ஆனால் அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உடனே கயிறு விழுந்தது. சரவணமுத்து நின்ற இடத்திலேயே நின்று மூச்சு வாங்கினார்.

யாரும் கோபிக்கவில்லை. எடித் தண்ணீர் கொடுத்தாள். மிச்சத்தை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று வழக்கப்படி புருசனைக் கேட்டாள்.

“விடமாட்டன்,” என்றார் சரவணமுத்து, முகத்தைத் துடைத்தபடி. “அவ ஓட்டினால் முழுசா ஓடோணும்போலை இருக்கு.”

வீடு போகும் வழியில் செபஸ்தியம்மாதான் பேச்சை எடுத்தாள்.

“என்ன பிழைச்சது?”

“நாக்குச் சத்தம். அது எனக்கு.”

“நீங்கள் அதைச் சொல்லேல்லையே.”

“அதுவும் சொல்லித்தான் தெரியோணுமோ?”

“ஓம். சொல்லித்தான் தெரியோணும்.” தலைக்கயிற்றைச் சுருட்டி மடியில் செருகினாள். “இனி அவருக்குக் கை தட்டுறன். ஆனா அந்தச் சுற்றைக் குடுக்கத்தான் வேணும். வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ, எடித்தக்காட்டைப் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்.”

வேண்டாம் என்றால் அவள் கேட்பாள். அது அவனுக்குத் தெரியும். கேட்டுவிட்டு, அந்த முழங்கால்களை நினைத்துக்கொண்டே இவனை ஓட்டுவாள் என்றும் தோன்றியது. சரி, கொடு என்றான்.

அடுத்த ஞாயிறு ஷெல் விழுந்து எல்லோரும் பங்கருக்குள் கிடந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு மழை. கருவாட்டுக் கடையில் சரவணமுத்துவைக் காணும்போதெல்லாம் செபஸ்தியம்மா மறைக்காமல், “அண்ணை, உங்கடை சுற்று நிக்குது,” என்பாள். பக்கத்தில் நிற்கும் மாரிமுத்து கருவாட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

சரவணமுத்துவுக்கு அவள் அந்த மூன்றாவது சுற்றை இன்னும் கொடுக்கவில்லை.