ஈயப் பெட்டியில் வந்த இதயம்

சிலுவைப் போருக்குப் போன கணவனின் இதயம் ஈயப் பெட்டிக்குள் வீடு வந்து சேர்ந்தபோது, மாரியோட்டா அழவில்லை. பெட்டியைக் கொண்டுவந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

உட்ரெட் என்ற அந்த வீரன், அவள் கணவர் பிரபு கில்பாட்ரிக்கோடு கப்பல் ஏறியவன். புனித பூமியில், ஆக்கர் கோட்டை வாசலில் பிரபு விழுந்தார், உடலைக் கொண்டுவர வழியில்லை, அதனால் வழக்கப்படி இதயத்தை மட்டும் உப்பில் பதப்படுத்தினோம் என்றான். பிரபுவின் மோதிரத்தையும் நீட்டினான். மோதிரம் அவருடையதுதான்.

அவளை முந்திக்கொண்டு அழுதான் கொழுந்தன் ராண்டல்ஃப். அந்த அழுகைதான் அவளுக்கு இடித்தது. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசியே வருஷக்கணக்காகிறது.

சிலுவை ஏற்றுப் போனவன் வீட்டுக்குத் திருச்சபைதான் காவல். அவன் செத்தது உறுதியாகும்வரை கோட்டைச் சாவி மனைவி இடுப்பில் இருக்கும். உறுதியாகிவிட்டால் சாவியும், ஐந்து வயது வாரிசும் சித்தப்பன் கைக்குப் போய்விடும். பிள்ளை வளர்ந்தால் சித்தப்பனுக்கு நிலமில்லை. பிள்ளையை அவன் வளரவிடுவானா?

மடத்துத் தலைவர் இதயத்தை மடத்துக் கோவில் பீடத்தின் கீழ் அடக்கம் செய்துவிட்டால் அப்புறம் பேச்சில்லை. அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று ராண்டல்ஃப் அவசரப்பட்டான். பீடத்தருகே போனதும், பெட்டியைத் திறக்கச் சொன்னாள் மாரியோட்டா.

"செத்தவர ஏன் அண்ணி தொந்தரவு பண்றீங்க?"

"உங்க அண்ணன் இதயத்துல என்ன இருக்குன்னு ஒருநாளும் தெரிஞ்சதில்ல கொழுந்தனாரே. இன்னைக்காவது பாத்துக்கிறேன்."

உள்ளே உப்பில் சுருங்கிக் கறுத்த சதை. கத்தியால் பிளந்தாள். கத்தி எதிலோ தட்டியது. விரலால் நெம்பி எடுத்தாள். சின்ன எலும்பு.

வேட்டையாடும் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். வயதான ஆண் மானின் இதயத்தில் இப்படி ஓர் எலும்பு இருக்கும். அதை எடுத்துக் கர்ப்பிணிகளின் கழுத்தில் கட்டுவார்கள். மனிதனுக்கு ஏது அது? ராண்டல்ஃப் சின்ன வயதிலேயே மடத்துக்குப் படிக்க அனுப்பப்பட்டு, பாதியில் ஓடிவந்தவன். மானைத் தட்டில்தான் பார்த்திருக்கிறான்.

மடத்துத் தலைவர் வேட்டைப் பிரியர். எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம காட்டுல மேஞ்சதாச்சே," என்றார்.

ராண்டல்ஃபின் அழுகை நின்றது.

மாரியோட்டா உட்ரெட்டைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தூக்குக் கயிறு நிச்சயம் என்று நினைத்தவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். வெறும் மோதிரத்தை மடத்துத் தலைவர் நம்பமாட்டார் என்று, இதயத்துக்கு ஏற்பாடு செய்தது சின்னவர்தானாம்.

"மோதிரம் யார் குடுத்தது?"

"பிரபுவே கழட்டிக் குடுத்தாரும்மா."

"சாகறப்பவா?"

இல்லை என்று தலையாட்டினான். "நல்லா இருக்காரும்மா. அங்க ஒரு பொண்ணு, ஒரு வீடு. நான் செத்துட்டேன்னு ஊர்ல சொல்லிடுடான்னாரு."

"இது என் கொழுந்தனுக்குத் தெரியுமா?"

"இல்லம்மா. அவர்கிட்டயும் செத்துட்டாருன்னுதான் சொன்னேன்."

சிலுவைப் போர்ச் சபதத்தை முறித்து ஓடியவன் வீட்டுக்குத் திருச்சபைக் காவல் கிடையாது. செத்தாலும் சாவி போகும். ஓடினான் என்று தெரிந்தாலும் போகும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என் புருஷன் இன்னும் போர்லதான் இருக்காரு சாமி. இவன் கண்ணால பாத்திருக்கான். வர்றவரைக்கும் காத்திருக்கேன்."

மடத்துத் தலைவர் சிலுவைக்குறி இட்டார். உட்ரெட்டைத் தூக்கிலிடவில்லை. அன்று முதல் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான், நல்ல சம்பளம், நல்ல உடை. கோட்டை வாசலைத் தாண்ட மட்டும் அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை.