பாம்புச் செவி

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அவள் அடுப்படியில் பாத்திரம் தேய்ப்பதுபோல நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கணவர் இறகுப்பந்து ஆடப் போவார். ஆடுவது அரை மணி, ஆடியதைப் பற்றிப் பேசுவது இரண்டு மணி. பன்னிரண்டுக்கு முன்னால் வீட்டில் தலை காட்டியதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து அவருடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசைமேல் ஒரு மரத்தாங்கியில் அவருடைய ஹெட்ஃபோன் மாட்டியிருந்தது. தச்சரிடம் சொல்லி அளவெடுத்துச் செய்த தாங்கி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய தலைக்கு அவர் அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு தலையணைகூட வாங்கியதில்லை.

கணினியைத் திறந்து ஆயிரத்து நானூறு பாட்டுகளையும் மொத்தமாகத் தெரிவு செய்தாள். போன வாரம் அவற்றின் தரத்தை நூற்றிருபத்தெட்டுக்கு இறக்கியிருந்தாள். இந்த வாரம் தொண்ணூற்றாறு. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுப் பிரிவில் அவளுக்கு வேலை. வாடிக்கையாளர்கள் போனில் பேசுவதெல்லாம் அங்கே பதிவாகும். ஆறு மாதம் கடந்தவற்றை, இடத்தை அடைக்காமல் இருப்பதற்காகச் சுருக்கி வைக்க வேண்டும். ஆபீஸில் அவளுக்கு ஒட்டுக்கேட்பு என்று பட்டப்பெயர். சுருக்குவதைத் துணி மடிப்பதுபோல நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மடித்த துணியைப் பிரித்தால் முழுசாக இருக்கும். இது காயின் தோலைச் சீவுகிற வேலை. சீவிய தோல் திரும்ப ஒட்டாது. முதலில் போவது காதுக்கு அவ்வளவாகத் தெரியாத சமாச்சாரங்கள்: பாடுகிறவர் வரிகளுக்கு நடுவே இழுக்கும் மூச்சு, தாளத்தட்டின் கடைசி அதிர்வு, பதிவு செய்த அறையின் அமைதி. அப்புறமும் சீவிக்கொண்டே போனால் சதையில் கத்தி படும். குரல் தகர டப்பாவுக்குள் போய்விடும்.

சீவியதோடு விடாமல் அவள் இன்னொன்றும் செய்தாள். சுருக்கிய பாட்டை மறுபடி ஊதிப் பெரிதாக்கி, பழைய பெயரில், பழைய தேதியில், பழைய இடத்திலேயே வைத்தாள். பாட்டு ஓடும்போது திரையின் மூலையில் அதன் தரம் எண்ணாகத் தெரியும். இவை எல்லாவற்றிலும் முந்நூற்றிருபது என்றே தெரியும். அவர் கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து அரசு முத்திரை குத்துகிற அதிகாரி. முத்திரை இருந்தால் போதும், அதற்குமேல் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை என்பது அவருக்கே தெரிந்த விஷயம்தான்.

இத்தனைக்கும் அவள் பாட்டை வெறுப்பவள் அல்ல. மாலை ஆறு மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு அவர் அந்த ஹெட்ஃபோனைக் காதில் கவிழ்த்துக் கண்ணை மூடும்போது, அவர் முகம் இளகுவதைப் பார்க்க அவளுக்கு ஒரு காலத்தில் பிடித்திருந்தது. அவள் என்ன சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவார். "முன்னூத்திருவதுக்குக் கீழ இருந்தா அது பாட்டே இல்ல, சத்தம்" என்பது அவருடைய வேதவாக்கு. "என் தம்பிக்குப் பாம்புச் செவி" என்று அவருடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப் போவாள். பாம்புக்குக் காதே கிடையாது என்று ஒருநாள் யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை.

அந்தக் கணினியில் பாட்டுகளோடு இன்னொரு ஃபோல்டரும் இருந்தது. அவளுடைய அப்பாவின் போன் பேச்சுகள். அப்பா லாரிப் பட்டறையில் நாற்பது வருடம் இரும்புத் தகட்டைத் தட்டித் தட்டிக் காது மந்தமாகிப் போனவர். தனக்குக் கேட்காததால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்துக் கத்திப் பேசுவார். தினமும் மதியம் ஒன்றரைக்கு, அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்துக் கூப்பிடுவார். வெயில் எப்படி, பஸ்ஸில் இடம் கிடைத்ததா, மாப்பிள்ளை எப்படி இருக்கிறார். மூன்று வருடப் பேச்சை அவள் சேர்த்து வைத்திருந்தாள். போனில் பதிவானதுதான், தரம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் அப்பா மூச்சு வாங்குவது அதில் கேட்டது. பேச ஒன்றுமில்லாதபோது போனை வைக்க மனசில்லாமல் 'அப்புறம்' என்று இழுப்பது கேட்டது. அப்பா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. பதிமூன்றாம் நாள் அவள் அந்த ஃபோல்டரைத் திறந்தாள். அது அங்கே இல்லை.

"அதுவா? இடம் பத்தலைன்னு நான்தான் எடுத்துட்டேன்" என்றார் அவர், ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து விலக்கிக்கொண்டு.

"எதுன்னு தெரிஞ்சா எடுத்தீங்க?"

"தெரியாம எடுப்பேனா? ஒண்ணு ரெண்டு இதுல போட்டுக் கேட்டுப் பாத்தேன். ஒரே கத்தல், ஒரே இரைச்சல். எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல ஒரு தரம். அதுல அப்படி என்ன இருக்கு? சாப்டியா, சாப்டேன். அவ்வளவுதானே."

விலக்கிய பக்கத்தை மறுபடி காதில் கவிழ்த்துக்கொண்டார். அவள் கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஆபீஸுக்கு எடுத்துப்போய்க் கணினிப் பிரிவுக்காரரிடம் காட்டினாள். அவர் ஒரு மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டு, "அதே இடத்து மேலயே வேற எழுதிட்டாங்க மேடம். இனிமே யாராலயும் எடுக்க முடியாது" என்றார். மேலே எழுதியிருந்தது முப்பது புதுப் பாட்டுகள். அவளுக்கு அழுகை வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஒரேயடியாக எல்லாப் பாட்டையும் அழித்திருக்கலாம். முதலில் அப்படித்தான் நினைத்தாள். அழித்தால் ஒருநாள் குதிப்பார், மறுநாள் வேறு எங்கிருந்தாவது இறக்கிக்கொள்வார். அதனால்தான் சீவ ஆரம்பித்தாள். வாரம் ஒரு சீவல். அவர் எதை இரைச்சல் என்று தூக்கி எறிந்தாரோ அந்த இடத்துக்கே அவருடைய பாட்டும் வந்து சேர வேண்டும், அதுவும் அவர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டே வந்து சேர வேண்டும். அசல் பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டு ஆபீஸ் மேசை இழுப்பறையில் பூட்டியிருந்தாள். அவள் அவ்வளவு கல் நெஞ்சுக்காரி இல்லை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை, 'உங்கப்பா பேசினதை நான் அழிச்சிருக்கக் கூடாது' என்று வந்துவிட்டால், அன்றைக்கே எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிடுவாள். அது அவளாகவே அவருக்குக் கொடுத்த சலுகை. அவருக்குச் சொல்லத்தான் இல்லை.

தொண்ணூற்றாறுக்கு இறக்கிய வாரம் அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, இவர் பக்கத்தில் குனிந்து நின்றார். எப்போதும் போடுகிற அதே வயலின் பாட்டு.

"வில்லு தொடுறதுக்கு முன்னாடி அவர் மூச்சு இழுக்குறார் பாருங்க. கேக்குதா?"

நண்பர் கண்ணை இடுக்கிக் கேட்டார். பாவம், நாகரிகமான மனிதர். "ஆமாமா, கேக்குது" என்றார்.

"முன்னூத்திருவது சார். விளையாட்டா?"

அந்த மூச்சு நாலு வாரத்துக்கு முன்பே போய்விட்டது. அவள் பிஸ்கட் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சிரிப்பை அடக்கியதில் தட்டு மேசையில் இடித்தது. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அறுபத்து நான்கில்தான் அவருக்கு முதல் சந்தேகம் வந்தது. பாட்டின் நடுவே ஹெட்ஃபோனைக் கழற்றிப் பஞ்சை அமுக்கிப் பார்த்தார். மறுநாள் புது வயர் வாங்கினார். அதற்கடுத்த வாரம் பஞ்சு உறையை மாற்றினார். கடைசியில் ஹெட்ஃபோனைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனார். கடைக்காரர் தன்னிடமிருந்த பாட்டைப் போட்டுக் காட்ட வந்தபோது, "வேணாம், தெரிஞ்ச பாட்டுலதான் குறை தெரியும்" என்று சொல்லி, போனிலிருந்த தன் வயலின் பாட்டையே போட்டுக் கேட்டாராம். வீட்டுக் கணினியிலிருந்து வாராவாரம் போனுக்கு ஏற்றுகிற அதே பாட்டு. கடையில் இருந்த ஆறு ஹெட்ஃபோன்களிலும் அது ஒரே மாதிரி மொட்டையாகக் கேட்டிருக்கிறது.

"ஆறும் கெட்டுப் போயிருக்க முடியாதுல்ல?" என்றார் அன்று மாலை. கேட்டது அவளிடம் இல்லை, சுவரிடம். "எண்ணு சரியாத்தான் காட்டுது. பாட்டுலயும் குறை இல்ல. அப்ப வேற எதுல?"

விரலால் காதைத் தொட்டார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாளும் அவருடைய பாட்டைத்தான் குறிவைத்தாள், அது அவருடைய உடம்பில் போய்ப் பட்டிருக்கிறது. ஒரு கணம் பக்கென்றது. அடுத்த கணம் இனித்தது. இனித்ததை அவள் மறைத்துக்கொள்ளவில்லை, மறைக்க அங்கே யார் பார்த்தார்கள்?

முப்பத்திரண்டுக்கு இறக்கிய மறுநாள் காது மருத்துவரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே நின்று அவள் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பிள்ளைபோல அவர் கண்கள் அலைந்தன. மருத்துவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஒரு கோடு நேராக ஓடிக் கடைசியில் லேசாகச் சரிந்தது.

"ஐம்பத்திரண்டு வயசுக்கு இது சாதாரணம். ரொம்ப மெல்லிய கீச்சு ஒலிகள் மட்டும் கொஞ்சம் குறையும். பேச்செல்லாம் நல்லாவே கேக்கும்."

மருத்துவர் சொன்னதில் சாதாரணம் என்பதும் நல்லாவே என்பதும் அவர் மனதில் பதியவே இல்லை. அந்தச் சரிவை மட்டும் பிடித்துக்கொண்டார். படியிறங்கும்போது முதல்முறையாக அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அந்தக் கை கனத்தது. காலையிலேயே ஆபீஸுக்குப் போய் இழுப்பறையைத் திறந்து பென் டிரைவை எடுத்துக் கைப்பையில் போட்டிருந்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. போதும் என்று தோன்றியிருக்கலாம். வீட்டுக்குள் வந்ததும் அவர் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். முன்னறைப் பக்கம் போகவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்து ஜிப்பைத் திறந்தாள்.

"என்னங்க" என்றாள். "ஒண்ணு சொல்லணும்."

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "உங்கப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

அவள் கை பைக்குள் நின்றது. ஃபோல்டர் காணாமல்போன அன்றைக்குப் பிறகு அவர் வாயில் அப்பாவின் பேச்சு வருவது இதுதான் முதல் தடவை. வந்துவிட்டது, அடுத்த வார்த்தையும் வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கே கேக்குற மாதிரி கத்திக்கிட்டு இருப்பாரே. பக்கத்துல நிக்கவே கூச்சமா இருக்கும். நானும் அப்படிக் கத்தணுமா இனிமே? அந்த மாதிரி ஆகுறதுக்குப் போய்ச் சேந்துரலாம்."

அவள் ஜிப்பை மூடினாள்.

"என்னமோ சொல்லணும்னியே" என்றார். நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லு. நீ பேசுறது எனக்கு எவ்வளவு கேக்குதுன்னு பாக்கணும்."

"நாளைக்கு எனக்கு ஆபீஸ் சீக்கிரம்" என்றாள், எப்போதும்போல. அவர் அவசரமாகத் தலையாட்டினார். "மழை வரும்போல இருக்கு, கொடியில துணி கிடக்கு" என்று கொஞ்சம் இறக்கிச் சொன்னாள். அவர் முன்னால் சாய்ந்தார். பக்கத்து வீட்டுக்காரி வந்துபோனதை இன்னும் இறக்கிச் சொன்னாள். அவர் அவளுடைய உதடுகளைப் பார்க்க ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவள் பேசும்போது அவர் இப்படி வாயைப் பார்த்ததே இல்லை.

பிறகு அவள் குரலை முழுசாக எடுத்துவிட்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன. எங்கப்பா பேசினதை நீங்க அழிச்சீங்க, அதனால உங்க பாட்டை நான் அழிச்சேன், வாரம் வாரம், நீங்க ஆடப் போனப்ப, உங்க காதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு சொல் விடாமல், அவசரப்படாமல், அலுவலகத்தில் வாடிக்கையாளருக்கு நிபந்தனைகளை விளக்குகிறவள்போலச் சொன்னாள். மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. அது அவருக்குக் கேட்டிருக்கத்தான் வேண்டும். அவர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. ஒரு கை எழுந்து காது மடலைக் குவித்துப் பிடித்தது. மேசை விளிம்பில் வரைபடம் சரிந்து தரையில் விழுந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை.

அவள் சொல்லி முடித்து அவரைப் பார்த்தாள்.

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். மெல்லத் தலையாட்டினார். "சரிம்மா" என்றார். "நீ சொல்றதும் சரிதான்."

கேட்டுவிட்டதுபோல இன்னும் ஒருமுறை தலையாட்டி, சிரிக்கவும் பார்த்தார். அவள் நாற்காலியை ஓரடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.