அதிராத தடி

போத்தனூரில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வாசல் எஸ்.டி.டி. பூத் வரைக்கும் ஒரே ரோடுதான். அந்த ரோட்டை நான் நம்பியதே இல்லை. நேற்று இல்லாத மணல் குவியல் இன்றைக்கு இருக்கும். எவனாவது சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். பிறவியிலேயே கண் தெரியாத எனக்கு முழங்கால் சிராய்ப்பு ஆறியதே கிடையாது.

போன ஆனியில் சாக்கடையில் விழுந்து கை முறிந்தது. "ஊட்லயே இரு அம்மணி. பூத்தை ராசாத்தாளோட தம்பி பாத்துக்குவான்" என்றார் அண்ணன் ஆறுச்சாமி. ராசாத்தாள் என் அண்ணி. பூத் என் பெயரில் இருக்கிறது; பாவாத்தாள் என்று போர்டிலேயே எழுதியிருக்கிறது. அதையும் விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்தால் அப்புறம் நான் யார்?

பூத்துக்குப் போன் பேச வரும் இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் சாய்கிருஷ்ணா அப்போதுதான் தான் செய்த தடியைக் கொடுத்தார். கைப்பிடியில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. நம் காதுக்குக் கேட்காத சத்தத்தை முன்னால் அனுப்புமாம். எதிலாவது பட்டுத் திரும்பினால் கைப்பிடி அதிரும். ஏழெட்டடிக்குள் எது நின்றாலும் தெரிந்துவிடும். குழி மட்டும் தெரியாது, அதைத் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

அண்ணனிடம் சண்டை போட்டு ஒரு மாதம் தவணை வாங்கினேன். "ஒருக்கா உழுந்தாலும் பூத்து அவனுக்குத்தான்" என்றார். சாயங்காலம் துணைக்கு ஆள் கிடைக்கும். காலையில்தான் தனி.

நான் விழவில்லை. ஆனால் தடியும் அதிரவில்லை. வீட்டுச் சுவருக்கு நேராக நீட்டினால் உதறுகிறது. ரோட்டுக்கு வந்தால் செத்த மாதிரி கிடக்கிறது. சாய்கிருஷ்ணா பிரித்துப் பார்த்துவிட்டு, "பெட்டி நல்லாத்தான் இருக்குதுங்க. அதிரலைன்னா வழியில ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமுங்க" என்றார்.

போத்தனூர் ரோட்டில் ஒன்றும் இல்லையாம். யாரிடம் கதை விடுகிறார்?

இன்னொன்றும் உறுத்தியது. எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்தால் எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்காமல் விடமாட்டார்கள். இப்போது நான் ரசாக் பாய் டீக்கடையை நெருங்கினாலே பேச்சு அடங்கிவிடுகிறது. பாய்லர் மட்டும் கொதிக்கிறது. கடந்து போன பிறகு யாரோ சிரிக்கிறார்கள். எல்லாம் அண்ணியின் வேலை என்று முடிவு கட்டினேன். நான் எப்போது விழுவேன் என்று பார்த்துச் சொல்ல ஆள் வைத்திருப்பாள். அவள் வார்த்த தோசையைக்கூட மோந்து பார்த்துத்தான் தின்றேன்.

தவணை முடியும் வாரத்தில் ரோட்டோரம் கேபிளுக்குக் குழி தோண்டினார்கள். பச்சை மண் வாசம் அடித்தது. அன்றைக்குத்தான் தடி அதிர்ந்தது.

நின்றேன். அதிர்ந்துகொண்டே இருந்தது. கையை நீட்டித் துழாவினேன், வெறும் காற்று. இரண்டடி வைத்தேன். அதிர்வு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாடாக இருந்தால் மூச்சுக் கேட்கும். இது நான் நடந்தால் நடக்கிறது, நின்றால் நிற்கிறது. செருப்புச் சத்தம்கூட இல்லை. இது யாரோ ஒரு ஆள்தான்.

கத்தினால் ஓடிவிடுவான். அதனால் வழிப்போக்கரிடம் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டேன்.

"ஏனுங்க, மணி என்னங்க ஆச்சு?"

ஏனுங்க என்று கூப்பிட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க எங்கள் ஊர் ஆளால் முடியாது.

"எட்டரை ஆகப்போகுதுங்க."

அண்ணன் குரல். சொந்தத் தங்கச்சிக்கே மரியாதை போட்டுப் பதில் சொல்லிவிட்டார்.

விடியற்காலையிலேயே மில்லுக்குப் போகிறேன் என்று கிளம்புகிறவர். மத்தியான ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, இத்தனை நாளும் எனக்கு முன்னால் நடந்திருக்கிறார். சைக்கிள்களை நகர்த்தி, ஆடுகளை விரட்டி, வாயில் விரல் வைத்து ஊரையே அடக்கி வைத்திருக்கிறார்.

"குழிக்குப் பெட்டி அதிராதுன்னியே, அதான் கிட்டக்க வந்துபோட்டேன்" என்றார். "உழுந்தா பூத்தக் குடுத்தர்றதுன்னு வாய உட்டுபோட்டனே கண்ணு. உங்கண்ணியும் கேட்டுட்டு இருந்தா. நீ உழுகாம பாத்துக்கறதத் தவுர வேற என்ன பண்றது?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"நாந் தனியா நடக்கறேன்னு ஊரெல்லாம் பீத்திட்டுத் திரிஞ்சேனுங்ணா. இனி வராதீங்க. உழுந்தா உழுந்துட்டுப் போறேன். உழுந்தாலும் பூத்து எனக்குத்தான்."

"செரி அம்மணி" என்றார்.

மறுநாள் கிளம்பினேன். கேபிள் குழியோரத்தைத் தட்டித் தட்டிக் கடந்தேன். கைப்பிடி அதிரவில்லை. என் சந்தேகம் மட்டும் விடவில்லை. பெட்டிக்கு எட்டுவது ஏழெட்டடி. அண்ணன் அதற்கும் தள்ளி நடந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

டீக்கடை பாய்லர் சத்தம் கேட்கும்போது கைப்பிடி உதறியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லையே இந்த மனுசன்.

"ஏனுங்க" என்றேன். பதில் இல்லை. நெருங்க நெருங்க உதறல் கூடியது. கையை நீட்டினேன். பெல் தட்டுப்பட்டது, அப்புறம் ஹேண்டில்பார். எவனோ குறுக்கே நிறுத்திவிட்டுப் போன சைக்கிள். அதை யாரும் நகர்த்தி வைக்கவில்லை. அந்தச் சைக்கிள்காரனைக் கும்பிடலாம் போலிருந்தது.

கடைக்குள்ளிருந்து ரசாக் பாய் கேட்டார்: "எங்கீங்க அம்மணி கெளம்பிட்டீங்க?"

"பூத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.