மாவுக்கட்டு

கட்சிக் கொடி கட்டப்போன இடத்தில் அவள் கணவன் ஏணியிலிருந்து விழுந்தான். அவள் அதைக் கண்ணால் பார்த்தவள். தள்ளியவர் யாருமில்லை, அடித்தவர் யாருமில்லை. ஏணியின் கால் வழுக்கியது, இவன் தொப்பென்று தரையில் கிடந்தான். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளைக் கூப்பிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். இவனுக்குத்தான் கட்சி என்றால் தலைகால் புரியாதே.

ஆஸ்பத்திரியில் இடது காலுக்குத் தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு போட்டார்கள். அவன் பஸ் ஓட்டுகிறவன். கிளட்சை மிதிக்கும் கால் அது. ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்துவிட வேண்டும், பிரித்த கையோடு முழங்காலை மடக்கிப் பழக்க வேண்டும், தள்ளிப்போட்டால் முட்டி இறுகிப்போகும் என்று டாக்டர் அவளைப் பார்த்துத்தான் சொன்னார். அவனிடம் சொல்லிப் பயனில்லை என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். டிப்போ மேலாளரும் நல்ல மனிதர். "அவன் வண்டி அவனுக்குத்தான்மா. ஆனா ரொம்ப இழுத்துடாதீங்க, மேல இருக்கிறவங்க என்னைக் கேப்பாங்க" என்றார்.

அதற்கடுத்த நாள் கட்சியின் பொருளாளர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அவருக்கு உண்டியல் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், அவர் கையில் வசூல் டப்பா முளைத்துவிடும். ஆனால் இந்தத் தேர்தலில் அவர் பாடு திண்டாட்டம்தான். வேட்பாளர் புதுசு, எதிர்க்கட்சியில் பணம் தண்ணீராய் ஓடியது, இவர்களுக்கோ நோட்டீஸ் அடித்துக்கொடுத்த அச்சகத்துக்காரரே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உண்டியல் கட்டிலோரம் உட்கார்ந்து அந்த மாவுக்கட்டையே பார்த்தார். பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி விரலால் தட்டியும் பார்த்தார்.

"எத்தனை பேர் சேர்ந்து அடிச்சானுங்க?"

"யாருண்ணே அடிச்சா? ஏணி வழுக்கிடுச்சு."

"ஏணி வழுக்குனதுக்கு எவன்யா காசு போடுவான்?" என்றார் உண்டியல்.

அவ்வளவுதான். அந்த வாரமே அவனைச் சக்கர நாற்காலியில் வைத்து மேடையேற்றினார்கள். எதிர்க்கட்சி ரவுடிகள் அடித்து நொறுக்கிய கால் இது என்று வேட்பாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். டப்பாக்கள் கூட்டத்துக்குள் போய், தூக்க முடியாமல் திரும்பி வந்தன. பிறகு ஒரு கூட்டம் பாக்கியில்லை. சந்தை, தொழிற்சாலை வாசல், பஸ் நிலையம் என்று அவனைச் சாமான் போல ஜீப்பில் ஏற்றி இறக்கினார்கள்.

முதல் நாள் அவன் கூச்சத்தில் தலை நிமிரவில்லை. மூன்றாவது கூட்டத்தில் தானாகவே முனக ஆரம்பித்தான். இத்தனை காலமும் அந்த மேடைகளுக்குக் கீழே நாற்காலி போட்டவன். இப்போது மேலே உட்கார வைத்து மாலை போட்டால் யாருக்குத்தான் பிடிக்காது?

அவள் மட்டும் என்ன யோக்கியமா? அவளும் வாயைத் திறக்கவில்லை. "ஜெயிச்சதும் டிப்போவுல மேற்பார்வையாளர் வேலை, தங்கச்சி. அப்புறம் கிளட்சாவது ஒண்ணாவது!" என்று உண்டியல் சொல்லியிருந்தார். அந்த வேலையை நினைத்து எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

கீழ்வீட்டுத் தையற்காரி விஷயத்தைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. கட்டுப் போட்ட கால் நுழைவதற்காக அவனுடைய பேண்ட்டுகளின் இடது காலை நீளமாகப் பிரித்து, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தவள் அந்த அக்கா. கூலி என்று பேச்செடுத்தால் கோபித்துக்கொள்வாள். தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அப்படியே டப்பாவில் போட்டுவிட்டு, "இப்படிக் கூடவா மனுசங்க அடிப்பாங்க?" என்று அந்தக் கட்டைத் தடவி அழுதாள். இவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரம் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பி நின்றபோது வாசலில் ஜீப்பின் ஹாரன் கேட்டது.

"தேர்தல் முடியட்டும் தங்கச்சி. கட்டில்லாத காலைக் காட்டி நான் என்னத்தக் கேப்பேன்?" என்றார் உண்டியல்.

"முட்டி இறுகிப்போகும்னு டாக்டர் சொன்னாருங்க."

"டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"கொஞ்ச நாள்தானே. வேட்பாளரே என் தோள்ல கை போட்டுப் பேசுறாருடி."

"தோளைத் தொட்டாரு சரி. காலை என்னிக்காவது எட்டிப் பார்த்தாரா?"

அவன் ஜீப்பில் ஏறிக்கொண்டான். அந்தக் கட்டை அன்றே சுத்தியலால் உடைத்திருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்தாள். மேலாளர் முடிந்தவரை சமாளித்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு காலையில் உண்டியல் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"கட்டைப் பிரிச்சிடுங்க. இன்னிக்கே!"

விஷயம் இதுதான். தேறமாட்டோம் என்று தெரிந்ததும் வேட்பாளர் எதிர்க்கட்சியோடு பேசி, போட்டியிலிருந்து விலகி, அவர்கள் பக்கமே சாய்ந்துவிட்டார். அச்சகத்துப் பாக்கிகூட அன்றைக்கே தீர்ந்ததாம். இனி ரவுடிகள் என்று யாரைச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் கட்டை அறுத்து எடுத்தார்கள். உள்ளே கால் குச்சியாக இளைத்துக் கிடந்தது. டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார். அது மடங்கவில்லை. அழுத்தியதும் அவன் அலறினான். இந்தத் தடவை அந்தச் சத்தத்தில் நடிப்பில்லை.

"ஏம்மா?" என்று மட்டும் கேட்டார் டாக்டர். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெளியே காத்திருந்த உண்டியல் அவன் காதோரம் குனிந்தார். "நாளைக்கு ரெண்டு கட்சியும் சேர்ந்து கூட்டம். நீ பெருசா ஒண்ணும் பேச வேணாம். உண்மையைச் சொல்லு, போதும். ஏணியில இருந்து விழுந்தேன், யாரும் அடிக்கலைன்னு."

"இதைத்தானே அன்னிக்கே சொன்னாரு!" என்றாள் அவள்.

"அன்னிக்கு வேற, இன்னிக்கு வேற தங்கச்சி. மேற்பார்வையாளர் வேலை இப்ப அவங்க கையில இருக்கு."

போகாதீங்க என்று அவள் கெஞ்சினாள். போகாவிட்டால் சோற்றுக்கு என்ன செய்வது என்று அவன் கேட்டான்.

மறுநாள் மேடையில் அவன் உண்மையைச் சொன்னான். அவன் முடிப்பதற்குள் வேட்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். "இந்தத் தொண்டனின் கண்ணீரை நம்பி நானும் ஏமாந்தேன்! உங்களோடு சேர்ந்து ஏமாந்தேன்!" என்றார். அதே குலுங்கல், அதே அழுகை. கூட்டம் ஊளையிட்டது. டப்பாவில் போட்ட காசைக் கக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். உண்டியல் எங்கே போனார் என்றே தெரியவில்லை.

அவன் மேடைப் படியில் இறங்கினான். முட்டி மடங்காததால் காலைப் பக்கவாட்டில் வீசி வீசித்தான் வைக்க முடிந்தது. அவள் ஓடிப்போய்த் தோள் கொடுத்தாள். கீழே தையற்காரி அக்கா நின்றிருந்தாள். அந்த அக்கா தைத்துக் கொடுத்த பேண்ட்டின் இடது கால் காற்றில் படபடத்தது.

"இன்னும் எதுக்குப்பா நொண்டுற?" என்றாள் தையற்காரி. "டப்பாதான் வரலையே. நேரா நட."

அவன் மனைவியின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, நேராக நடந்து காட்டப் பார்த்தான்.