விபத்தே இல்லாத மில்

தேனிக்கு வெளியே இருந்த அந்தப் பருத்தி ஜின்னிங் மில்லின் விருந்தினர் அறையில் மதியச் சாப்பாட்டுக்கு மட்டன் பிரியாணி போட்டார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் பாண்டியராஜன் இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். மேனேஜர் மதன்குமார் பக்கத்தில் நின்று பரிமாறினான். ஆய்வாளரோடு வந்திருந்த உத்தமபாளையத்து ஷர்மினுக்கு அதுவரை எதுவும் தப்பாகத் தெரியவில்லை. அரசாங்கப் பாதுகாப்பு ஆய்வுகளால் மில்களில் விபத்து குறைகிறதா என்று கண்டறிய ஒரு மதுரை நிறுவனம் அவளை வேலைக்கு வைத்திருந்தது. இந்த மில்லுக்குத்தான் எல்லாவற்றிலும் முதலிடம். அரசாங்க ஆய்வு தொடங்கியதிலிருந்து இங்கே ஒரு விபத்துகூடப் பதிவாகவில்லை.

கை கழுவப் பின்பக்கம் போனவளை, தலைமுடியெல்லாம் பஞ்சுத்தூசியோடு ஒரு பெண் வந்து மறித்தாள். பெயர் நாகஜோதி, ரோலர் மிஷினில் வேலை.

"நீங்க பாத்துப் பாராட்டுனீகளே, பெல்ட்டுக்கு முன்னாடி கம்பிவலை? அத இன்னைக்குக் காலைலதாம்மா மாட்டுனாக. நீங்க போனதும் கழட்டிருவாக. அது இருந்தா அடைப்பெடுக்க நேரமாகுதாம்."

"எப்பவும் இப்படித்தானா?"

"ஆய்வுக்கு ஆளு வந்தா இப்படித்தான். போன மாசம் தங்கப்பாண்டி அண்ணன் கை அங்கனதான் போச்சு. பைக்குல விழுந்தாருன்னு எழுதிட்டாக."

திரும்பும் வழியில் ஜீப்பில் வைத்தே ஷர்மின் ஆய்வாளரிடம் கேட்டுவிட்டாள். பாண்டியராஜன் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார்.

"முன்னக்கூட்டியே சொல்லாமப் போனா கேட்டே தொறக்க மாட்டாகம்மா. எனக்கு மாசத்துக்கு இத்தன மில்லுன்னு கணக்கு. வலை இருக்கான்னு பாக்கணும், இருந்துச்சு, எழுதிட்டேன். நான் போனபொறவு கழட்டுனா அதுக்கு நானா பொறுப்பு?"

அவர் ஏப்பம் விட்டார். மசாலா வாடை வண்டி முழுக்கப் பரவியது. அதே சோறு தன் வயிற்றிலும் கிடக்கிறதே என்று நினைத்தபோது ஷர்மினுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பாலார்பட்டி தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். "வெயிலு ஒத்துக்கல போல" என்றார் பாண்டியராஜன்.

மறுநாள் தங்கப்பாண்டியின் வீட்டைத் தேடிப் போனாள். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "பைக்குல போகயில லாரிக்காரன் தட்டிட்டான்ம்மா."

அடுப்படியிலிருந்து அவன் மனைவி ஹேமாவதி வெளியே வந்தாள்.

"எந்த பைக்கு? நம்மகிட்ட சைக்கிளுகூட இல்லையே! மேனேஜரு வாட்ச்மேன் வேலை குடுத்துட்டான்னு எத்தன நாளைக்கு இந்தப் பொய்யச் சொல்லப்போறீக?"

அவன் அழுதான். இருக்கிற ஒரு கையால் முகத்தை மூடப் பார்த்தான், முழுசாக மூட முடியவில்லை. ஷர்மின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கே திட்டத் தலைவரிடம் போனில் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "வருத்தமான விஷயம்தான். ஆனா மில் பதிவுல இல்லாதத விபத்துன்னு நாம எடுத்துக்க முடியாது, ஷர்மின். முடிவே மாறிப்போயிரும்."

"மாறட்டும் சார். அதுதானே நெசம்?"

"நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்படுறீங்க."

"அப்ப அறிக்கைல இருந்து என் பேர எடுத்துருங்க."

எடுத்துவிட்டார்கள், வேலையிலிருந்தும். ஆய்வுகள் நல்ல பலன் தருவதாக அறிக்கை வந்தது. முதல் பக்கத்தைப் படித்தவுடன், கையில் அழுக்குப் பட்டதுபோல் அதைத் தள்ளி வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஹேமாவதியோடு கலெக்டர் அலுவலகம் போய், மில் விபத்தை மறைத்ததைப் பற்றி மனு கொடுத்தாள். அந்த வாரமே தங்கப்பாண்டிக்கு மில் கேட்டில் நிற்கும் வேலையும் போனது. ஷர்மினுக்குக் குற்றவுணர்வில் தூக்கம் பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று போனபோது ஹேமாவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கையத் தின்னவன் சோறு போடுவான்னு இருந்தோம் பாருங்க, அதாம்மா கேவலம்" என்றாள். "இப்பத்தான் இவரு வாயத் தொறந்திருக்காரு. நஷ்டஈடு கேஸு போடப்போறோம். நாகஜோதி சாட்சி சொல்ல வாரேன்னுருக்கா. நீங்களும் வருவீகள்ல?"

"வாரேன்" என்றாள் ஷர்மின். அவளும் கீழே உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.