நான்கே தட்டுகள் வந்த மாதம்

என் நாக்கைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாதுதான். ஆனால் வேறு யார் பேசுவார்கள்? என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவரிடம் எதைக் கொடுத்தாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பார். வெந்ததும் நல்லாத்தான் இருக்கும், வேகாததும் நல்லாத்தான் இருக்கும். கல்யாண வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டாலும் அதே பதில்தான்.

நான் பத்திரிகையில் மாதக் கடைசி ஞாயிறு ஒரு பக்கம் எழுதுகிறேன். அந்த மாதம் நகரம் முழுக்கச் சுற்றி உணவகங்களில் சாப்பிட்டதில் மனதுக்குப் பிடித்த ஐந்து தட்டுகள். அவ்வளவுதான் பக்கம். ஆனால் அந்த ஐந்துக்குள் வருவதற்கு இந்த ஊர்ச் சமையல்காரர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். நான் யாரென்று எந்தக் கடையிலும் சொல்வதில்லை. ஒரு தட்டு பிடித்துவிட்டால் உடனே எழுதவும் மாட்டேன். சில நாள் விட்டு மறுபடி போவேன். அப்போதும் அது தலைநிமிர்ந்து நின்றால்தான் பக்கத்தில் இடம். ஒரே ஒரு நாள் நன்றாகச் சமைக்க யாருக்குத்தான் வராது?

இது என் விதி. ஆசிரியர் போட்ட விதி வேறு ஒன்று இருக்கிறது: சொந்தக்காரர் சமைத்ததை எழுதக் கூடாது. அந்த விதிதான் அந்த மாதம் என் கழுத்தைப் பிடித்தது.

என் தம்பி சமையல்காரன். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். அப்பாவுக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவார், முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் போடுவார். சிறு வயதில் அப்பாவும் அம்மாவும் கடையிலேயே கிடப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சின்னவன் சமைப்பான், நான் குறை சொல்வேன். இரண்டு பேரும் தொழில் கற்றுக்கொண்டது அப்படித்தான். ஆம்லெட் ஆனாலும் சரி, சூப் ஆனாலும் சரி, எலுமிச்சைத் தோலை அடுப்பு நெருப்பில் கருக்கி, விரலால் நொறுக்கி மேலே தூவுவான். அந்த வாசனை வந்தால் என் தம்பி அடுப்பில் நிற்கிறான் என்று தெருமுனையிலேயே சொல்லிவிடுவேன்.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு ஒரே கவலை, கடையை யார் பார்ப்பது. மாதத் தொடக்கத்தில் எல்லோரும் அவர் வீட்டில் இருந்தபோது சின்னவனைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை வருஷம்டா அடுத்தவன் அடுப்புல வேகப்போறே? உன்னை யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்பா."

"உனக்குத் தெரிஞ்சா போதுமா? ஊர்ல இருக்கிறவன் சமையலையெல்லாம் உங்க அக்கா எழுதுறா. உன்னைப் பத்தி ஒரு வரி எழுதட்டும். அதுக்கப்புறம் நான் வாயைத் திறந்தா ஏன்னு கேளு."

"அப்பா, தம்பி சமையலை நான் எழுதினா ஆசிரியர் என் தோலை உரிச்சிடுவார்" என்றேன்.

சின்னவன் சிரித்தான். "தெரிஞ்சாத்தானே எழுதக் கூடாது? நான் வேலை மாறிட்டேன்க்கா. எந்த இடம்னு சொல்லமாட்டேன், நீயும் கேக்காதே. நீ பாட்டுக்குச் சாப்பிடு, நீ பாட்டுக்கு எழுது. இந்த மாசப் பக்கத்துல நான் வந்தா வந்தேன். வரலைன்னா மறுநாளே கண்ணாடி வெட்ட வந்துடறேன்ப்பா. சத்தியமா."

"ரெண்டு பேரும் பந்தயம் கட்டறதுக்கு நான்தான் கிடைச்சேனா? நான் என்ன தராசா?" என்று கத்தினேன். இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து, பங்கு பிரிக்காமல் எல்லோருக்கும் முழுசாகக் கிடைத்திருக்கிறது. சின்னவன் சொன்னால் செய்வான். அந்தக் கை கத்தியை விட்டுக் கண்ணாடியைப் பிடிப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் என் நிலைமை. அவன் தட்டைச் சாப்பிடாமல் விட்டால் அவன் போச்சு. சாப்பிட்டு, அவனுடையதுதான் என்று கண்டுபிடித்துவிட்டால் எழுத முடியாது, அப்போதும் அவன் போச்சு.

வீட்டுக்காரரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து புறப்பட்டேன். நீதிமன்றத்துக்குப் பின்புறம் வக்கீல்கள் நின்றுகொண்டே குடிக்கும் ஒரு காளான் சூப். கரண்டியை விட்டால் மெதுவாகச் சாயும், அவ்வளவு கெட்டி. கறுப்புக் கோட்டுக்காரர்கள் கட்சிக்காரரைக் காக்க வைத்துவிட்டு அதைக் குடிக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேம்பாலத்துக்கு அடியில் ஒரு கேக் கடையில் ஆரஞ்சு கேக், மேலே சர்க்கரை கண்ணாடி போல உறைந்திருந்தது. கண்ணாடி என்றதும் அப்பா நினைவு வந்து பாதியில் கோபமும் வந்தது. பேருந்துப் பணிமனைக்கு எதிரே ஆட்டெலும்பு சூப். ஒவ்வொரு இடத்திலும் முதல் வாய் வைக்கும்போது அதே கேள்விதான். இது அவனாக இருக்குமோ? இல்லை என்று நாக்கு சொன்னதும் நிம்மதியாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

துணிக் கிடங்குகள் இருக்கும் சந்தில் புதிதாக ஒரு சின்ன உணவகம் திறந்திருந்தார்கள். நான் கோழி கேட்டேன். வீட்டுக்காரர் வெண்ணெயில் வாட்டிய முட்டைக்கோஸ் கேட்டார். எனக்குக் கோஸ் என்றாலே ஆகாது.

"காசு குடுத்து யாராவது கோஸ் சாப்பிடுவாங்களா?"

"நல்லாத்தான் இருக்கும்" என்றார், தட்டு வருவதற்கு முன்பே.

தட்டு வந்தது. கால் பங்கு கோஸ், விளிம்பு கருகி, மேலே ஒரு வெள்ளைச் சாஸ். மனுஷர் சாப்பிட ஆரம்பித்தவர் பேச்சு மூச்சில்லை. லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்தேன். பிறகு என் கோழியை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கோஸை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? பரிமாறியவரைக் கூப்பிட்டேன். "அருமையா இருக்குன்னு சொல்லுங்க. ஆனா இவ்வளவு அழகா வாட்டின கோஸுக்கு எதுக்கு இப்படி சாஸைப் போர்வையாப் போர்த்தி வச்சிருக்கீங்க? அதுக்கு என்ன காய்ச்சலா?"

அடுத்த தடவை போனபோது சாஸ் கோஸுக்கு அடியில் இருந்தது. முதல் தடவையைவிட நன்றாக இருந்தது. குறையைக் காது கொடுத்துக் கேட்கிற சமையல்காரரை இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த இடத்துக்கு மூன்றாம் தடவையும் போனேன்.

மாதத்தின் மூன்றாம் வாரத்தில், அலுவலகக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கும் உணவகத்துக்குப் போனோம். முழு மீனைச் சுட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். தட்டு மேஜையைத் தொடும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கருகிய எலுமிச்சைத் தோல். விரலால் நொறுக்கித் தூவியது.

சாப்பிட்டேன். பிரமாதம். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்ன, முள்ளா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமா, முள்ளு."

வெளியே வந்து வண்டி பக்கத்தில் நின்றதும் உடைந்துவிட்டேன். "இது சின்னவன்தாங்க. இப்ப நான் என்ன செய்வேன்?"

"எழுதிடு. உனக்குத் தெரியும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே!"

அவர் வண்டியைக் கிளப்பினார். எழுதுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, நான்கு வரிதான். ஆனால் அந்தப் பக்கத்தை நம்பித்தான் ஒரு ஊரே சாப்பிடப் போகிறது. என் தம்பியே அந்தப் பக்கத்தை மதித்துத்தான் தன் பிழைப்பைப் பணயம் வைத்தான். பொய்யாக ஒரு வரி எழுதி அவனை ஜெயிக்க வைத்தால், அவன் எதை ஜெயித்ததாக ஆகும்? இரண்டாம் தடவை போகாமலே மீனை விட்டுவிட்டேன்.

"என்னம்மா, நாலுதான் இருக்கு?" என்று ஆசிரியர் போனில் கேட்டார்.

"இந்த மாசம் நாலுதான் சார்."

"இடம் காலியா இருக்கே?"

"இருக்கட்டும் சார். படம் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை அப்பா பாதி நாள் கடை திறப்பார். காலையிலேயே பத்திரிகையோடு போய் நின்றேன். அப்பா ஒரு வாடிக்கையாளருக்கு நிலைக்கண்ணாடிச் சட்டத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அன்னியர் முன்னால் பேசலாமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை.

"அப்பா, சின்னவன் தோக்கலை. அவன் செஞ்ச மீன் இந்த மாசத்துலயே நல்ல தட்டுல ஒண்ணு. அவன் கைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதனால விட்டேன். தண்டனை குடுக்கறதா இருந்தா என் மூக்குக்குக் குடுங்க. அவனைக் கண்ணாடி வெட்ட வைக்கறதா இருந்தா, நான் இந்தக் கடை வாசலை விட்டு நகரமாட்டேன்!"

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். பதில் சொல்வதற்குள் சின்னவன் உள்ளே வந்தான். கையில் அதே பத்திரிகை. முகமெல்லாம் பல்.

"எந்த மீனுக்கா?"

"அலுவலகக் கட்டடத்துக்குக் கீழே. எலுமிச்சைத் தோல் போட்டு."

"அட, அது என்கூட முன்னாடி வேலை பார்த்த பொண்ணு! என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டது. நான் அந்தத் தோலை விட்டு எவ்வளவோ நாளாச்சு. நீதானே சொன்னே, எல்லாத்துலயும் அதையே போட்டா அதுதான் தெரியுது, உன் சமையல் எங்கேடா தெரியுதுன்னு?"

"அப்படின்னா நீ எங்கேடா இருக்கே?"

"கோஸுக்குக் காய்ச்சலான்னு உள்ளே வந்து சொன்னாங்க. உலகத்துலயே அப்படிக் கேக்கிற வாய் ஒண்ணுதான். வெளியே ஓடி வராம இருக்க அடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்க்கா."

அந்தப் பொண்ணுக்கு நான் ஒரு இடம் கடன்பட்டிருக்கிறேன், இரண்டாம் தடவை போய்ப் பார்க்க வேண்டும். ஆசிரியரிடம் இன்றே சொல்லி, கோஸ் என் தம்பி சமைத்தது, தெரியாமல் எழுதினேன் என்று குறிப்புப் போட வேண்டும். இதெல்லாம் மனதில் ஓடியது. ஆனால் ஓடியதற்கு மேலே ஒரு சந்தோஷம் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. என் கண்ணெதிரே வளர்ந்த பிள்ளை, என் நாக்குக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வளர்ந்துவிட்டான்.

அப்பா பத்திரிகையைப் பிடுங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, முதல் தட்டைச் சத்தமாகப் படித்தார்.

"'எனக்குக் கோஸ் பிடிக்காது. இந்தக் கோஸுக்காக மூன்றாம் தடவையும் போனேன், எழுதுவதற்காக இல்லை, பசிக்காக. ஓரத்தில் கருகல், நடுவில் இனிப்பு, இரண்டுக்கும் இடையில் எந்த ஒளிவு மறைவும் இல்லை. யார் பெத்த பிள்ளையோ, அந்தக் கை நல்லா இருக்கட்டும்.'"

கடைசி வரியை மறுபடி ஒருமுறை வாய்க்குள் படித்தார். பத்திரிகையை மடித்தார். ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்தார்.

"யார் பெத்த பிள்ளைன்னு எழுதியிருக்கு, பார்த்தீங்களா? நான் பெத்தது."

"எதுங்க?" என்றார் அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து. "சமைச்சதா, எழுதினதா?"

"ரெண்டும்தான்" என்றார் அப்பா.