வாயில் இருந்த ஆமாம்

கோரலியிடம் எந்தக் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும்: ஆமாம். அதுவும் வெள்ளைக்காரர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால், கேள்வி முடிவதற்குள் வாய் அதைச் சொல்லிவிடும். ஆற்றங்கரைக் குடியிருப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான். கறுப்புப் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பறித்து அரசாங்கக் கார் ஏற்றிக்கொண்டு போன காலத்தில் அம்மாக்கள் பழக்கியது. ஆமாம் சொன்னால் கார் பிள்ளையை ஏற்றாமல் சீக்கிரம் கிளம்பும்.

போன கோடையில் அந்த ஆமாம்தான் அவளை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே அனுப்பியது. சர்க்கரை ஏறி, கண் இருட்டிக்கொண்டு வர, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனாள். சர்க்கரை ஏறியதால் மூச்சில் ஒரு புளித்த வாடை. நர்ஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து, "நல்லா குடிச்சிருக்க, அப்படித்தானே?" என்றாள். கோரலி ஆமாம் என்றாள். வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னார்கள். பஸ் நிறுத்தத்தில் கிடந்தவளை அக்கா வெர்னாதான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். செத்துப் பிழைத்தாள். கோரலி பியரை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் ஊருக்குள் அவள் இப்போது குடிகாரி. தேவாலயத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கறுப்பி என்பதால் குடிகாரி என்று முடிவு கட்டினீர்கள், அதை ஒப்புக்கொள்ளுங்கள். பாகுபாட்டுப் புகாரில் அவள் கேட்டது அவ்வளவுதான்.

சமரசப் பேச்சு நூலகத்து மாடியில் நடந்தது. நடுவர் ஹாலரன், ஆஸ்பத்திரி மேலாளர், அவர்களுடைய வக்கீல் பென்ரோஸ் அம்மாள். வக்கீல் கோபமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நர்ஸ் மரியாதையாகத்தான் பேசினாள் அல்லவா என்று கேட்டாள். ஆமாம். நீங்களாகத்தானே வெளியே போனீர்கள்? ஆமாம். வெர்னா மேசைக்கடியில் தங்கையின் காலை மிதித்தாள். பயனில்லை. மேலாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

தேநீர் இடைவேளையில் வெர்னா அவளை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னடி பண்ற? உன் குழிய நீயே தோண்டுற. இப்படி ஆமா ஆமான்னுதான் அந்த உதவாக்கரையக் கட்டிக்கிட்ட."

"வெக்கமா இருக்குக்கா. அத்தன கண்ணும் என்னயே பாக்குது. நான் சொல்றது எனக்கே கேக்கல."

வெர்னா அதற்கு மேல் திட்டவில்லை. பிஸ்கட்டை மென்றபடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனதும், தங்கையை ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்றாள். ஹாலரன் தலையசைத்தார். வெர்னா எழுந்து போய் வக்கீலுக்குப் பக்கத்தில் நின்றாள். குரலை அவளைப் போலவே மென்மையாக்கிக்கொண்டாள்.

"நீங்க இன்னிக்கு இங்க ஈமு கோழி மேல ஏறித்தானே வந்தீங்க?"

"ஆமாங்க," என்றாள் கோரலி, தலை குனிந்தபடி.

மேலாளருக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் கோரலிக்கு எட்டியது. முகம் சுட்டது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

ஹாலரன் பேனாவை மூடி வைத்தார். இனி யாரும் கேள்வி கேட்க வேண்டாம், அன்று நடந்ததைக் கோரலியே சொல்லட்டும், எவ்வளவு நேரமானாலும் காத்திருப்போம் என்றார். அறை அமைதியானது. வக்கீல் வாயைத் திறக்கப் போனபோது அவர் கையைத் தூக்கினார். வெளியே மரத்தில் கிளிகள் கத்தி ஓய்ந்தன. அந்த அமைதியில் கோரலி மெல்ல ஆரம்பித்தாள். காலையிலிருந்து தாகம், குழாயடியிலேயே நின்றது, காலுக்குக் கீழே தரை வழுக்கியது, ஜன்னல், நர்ஸின் முகம், அந்தக் கேள்வி. பஸ் நிறுத்தத்து சிமெண்ட் கன்னத்தில் குளிர்ந்தது வரை சொன்னாள்.

நடந்த சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஆஸ்பத்திரி சொன்னால் கோரலிக்குப் போதும்தானே என்று மேலாளர் கேட்டார்.

கோரலியின் உதடு பிரிந்தது. அந்தச் சொல் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. வெர்னா காலை மிதிக்கவில்லை.

"இல்ல," என்றாள் கோரலி. சொன்னது தன் காதிலேயே விழுந்தது. "சிரமம் இல்லங்க. நான் குடிக்கல. என் தோலப் பாத்துட்டு நீங்கதான் குடிகாரின்னு சொன்னீங்க. அதச் சொல்லுங்க."

பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் பேசட்டும் என்று அவள் காத்திருந்தாள்.